தண்ணீர் கேட்ட அக்கா

2010 கடைசியில் திருச்சியில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக இருந்தேன். மாதாமாதம் டாக்டர் சீட்டோடு சிபுட்ரமின் காப்ஸ்யூல் வாங்க ஒரு அக்கா வருவார். எடை குறைக்கும் மருந்து அது. வந்ததும் முதலில் தண்ணீர் கேட்பார். வெயில் என்று நினைத்து நானும் சொம்பை நீட்டுவேன்.

ஒருநாள் சில்லறையை எண்ணிக் கொடுக்கையில் அவர் விரல்கள் நடுங்கின.

"தூக்கம் வருதாக்கா?"

"எங்க தம்பி! ராத்திரியெல்லாம் நெஞ்சு படபடன்னு அடிக்குது, நாக்கு மேல ஒட்டிக்குது. ஆனா ஆறு கிலோ குறைஞ்சிருக்கேன். டாக்டர்கிட்ட சொல்லிராத, நிறுத்திருவாரு."

கடையிலிருந்த கருவியில் பிரஷர் பார்த்தேன், 160/100. மாத்திரையைக் கொடுக்காமல் டாக்டருக்குப் போன் போட்டேன். அக்கா கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

மூளையில் நார்அட்ரினலின், செரட்டோனின் என்ற இரண்டு ரசாயனங்களையும் கூடுதல் நேரம் தங்கவைத்துத்தான் சிபுட்ரமின் பசியை அடக்கும். நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றுவதும் அதே நார்அட்ரினலின்தான். ஏற்கெனவே இதய நோயோ சர்க்கரையோ உள்ள சுமார் 10,000 பேரிடம் நடந்த 'ஸ்கவுட்' ஆய்வில், மாரடைப்பு, பக்கவாத அபாயம் 16 சதவீதம் கூடியிருந்தது. 1997-ல் அமெரிக்கா அனுமதித்த மருந்தை 2010-ல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் நிறுத்தின. 2011 பிப்ரவரியில் இங்கே தடை வந்தது. மிச்சமிருந்த ஸ்டிரிப்புகளை எண்ணி ஸ்டாக்கிஸ்டுக்குத் திருப்பி அனுப்பினோம்.

சமீபத்தில் ஒரு கல்லூரித் தம்பி போனில் ஒரு குப்பியின் படத்தைக் காட்டினான். ரெட்டாட்ருடைட். இன்னும் பரிசோதனையில் இருக்கும், எடை குறைக்கும் ஊசி. 2023-ல் வெளியான இரண்டாம் கட்ட ஆய்வில் 338 பேர் இருந்தார்கள். 12 மில்லிகிராம் போட்டவர்களுக்கு 48 வாரத்தில் சராசரியாக 24 சதவீத எடை குறைந்தது. அந்த 24 அவனுக்கு மனப்பாடம். குமட்டல், வாந்தி, பேதி வந்ததோ, 24 வாரம் வரை நாடித்துடிப்பு ஏறிப் பிறகே இறங்கியதோ அவனுக்குத் தெரியாது. குறைந்த டோஸில் தொடங்கியவர்களுக்கு வயிற்றுத் தொல்லை குறைவாக இருந்தது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. அங்கே டோஸைக் கூட்டிக் குறைக்க டாக்டர்கள் இருந்தார்கள். இவன் கையில் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று ஒட்டிய வெள்ளைத் தூளும் ஒரு இன்சுலின் சிரிஞ்சும்தான்.

"எத்தனை யூனிட் இழுக்கணும்ணே?"

ஏற்கெனவே இரண்டு ஊசி போட்டிருந்தான். உட்காரவைத்து நாடி பார்த்தேன், 104. இனிமேல் போடாதே என்றேன்; அன்று மாலையே டாக்டரிடம் அனுப்பினேன். பக்கவிளைவுப் படிவத்தை எடுத்து அவன் எதிரிலேயே நிரப்பினேன். மருந்துப் பக்கவிளைவுகளுக்கான 1800-180-3024 என்ற அரசு எண்ணுக்குப் போன் செய்தாலும் பதிவு செய்துகொள்வார்கள்.

அந்த அக்கா சொன்ன எதையும் அன்று நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் எங்கள் கடைக்கு வரவும் இல்லை.