நட்ஸ் இல்லாத கிறிஸ்துமஸ் குக்கீஸ்: இதுவரை செய்து பார்த்தவை

பிறை வடிவ வெனிலா கிப்ஃபெர்ல், இரண்டு குக்கீக்கு நடுவே ஜாம் வைக்கும் லின்சர், சர்க்கரைப் பொடியில் புரட்டிய உருண்டையான ஸ்னோபால். எனக்கு மிகவும் பிடித்த இந்த மூன்றுமே பாதாம், ஹேசல்நட், பீக்கன் என்று நட்ஸை நம்பி நிற்பவை. நட்ஸ் ஒவ்வாமை உள்ள ஒரு குழந்தையும் இந்த முறை எங்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதனால் மூன்றையும் மாற்றிச் செய்து பார்க்கிறேன்.

பாதாமை எடுத்துவிட்டு அந்த அளவுக்கு மைதாவைக் கூட்டினால் சரியாக வராது. பாதாம் பொடியில் எண்ணெய் உண்டு, மாவை இழுபட வைக்கும் குளூட்டன் என்ற புரதம் கிடையாது. வாயில் போட்டதும் பொலபொலவென்று உதிர்வது அதனால்தான். எனவே எண்ணெய் உள்ள விதைதான் வேண்டும்.

கிப்ஃபெர்லுக்கு 280 கிராம் மைதா, 210 கிராம் வெண்ணெய், 70 கிராம் பொடித்த சர்க்கரை, 100 கிராம் பாதாமுக்குப் பதில் அதே எடை சூரியகாந்தி விதை. விதையை லேசாக வறுத்து, நன்றாக ஆறவிட்டு, ஒரு ஸ்பூன் மைதாவோடு மிக்சியில் விட்டு விட்டு அரைக்க வேண்டும். சூட்டோடு அரைத்தால் எண்ணெய் பிரிந்து விழுதாகிவிடும். 170 டிகிரியில், ஓரம் சிவக்கத் தொடங்கும்போதே எடுத்துவிட்டேன். மணம் வேறு, ஆனால் உதிரும் பதம் அப்படியே கிடைத்தது!

லின்சரில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். சூரியகாந்தி விதையில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் பேக்கிங் சோடாவோடு சேர்ந்தால், ஆறிய பிறகு குக்கீயின் உள்ளே பச்சை நிறம் ஏறும். கெடுதல் இல்லை, ஆனாலும் குழந்தை கையில் கொடுக்க மனம் வராது. சோடாவை அடியோடு விட்டுவிட்டு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்தேன். ஜாம் வைத்து ஒட்டும் குக்கீ உப்ப வேண்டிய அவசியமும் இல்லையே.

ஸ்னோபாலுக்கு விதை கூட வேண்டாம். வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்த ஓட்ஸ் போதும். வெண்ணெயில் ஒரு பங்கைப் பொன்னிறமாக உருக்கி, உறையவிட்டுச் சேர்த்தால் பீக்கன் இல்லாத குறையே தெரிவதில்லை. மூன்றில் இதுதான் எனக்கு முதலிடம்.

செய்முறையை விட முக்கியம் சுத்தம். பாதாம் அரைத்த மிக்சி ஜாரும் பழைய சல்லடையும் பக்கத்தில் வரவே கூடாது. விதை பாக்கெட்டில் நட்ஸ் கலந்திருக்கலாம் என்ற எச்சரிக்கை இருந்தால் வாங்குவதில்லை. பாதாம் எசென்ஸும் வேண்டாம். எள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால், பெற்றோரிடம் கேட்காமல் அதையும் சேர்ப்பதில்லை.

அடுத்தது சிம்ட்ஸ்டெர்ன் என்ற நட்சத்திர வடிவப் பட்டை குக்கீ. அதில் பெரும்பாலும் மைதாவே கிடையாது. பாதாம், முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, பட்டை மட்டும்தான். விதைப் பொடி எவ்வளவு ஈரம் இழுக்கிறது என்று பார்த்துத்தான் வெள்ளைக்கருவின் அளவை முடிவு செய்ய வேண்டும்.