ஜீப் கிளட்ச் உதறல்: மவுண்டிங் முதலில், லிங்கேஜ் அப்புறம்

என்னிடம் இருப்பது எழுபதுகளில் வந்த மஹிந்திரா சிஜே3பி. உயரமான பானட், இடது பக்க ஸ்டியரிங். பின்பக்கத் தகட்டில் ‘லெஃப்ட் ஹேண்ட் டிரைவ்’ என்று எழுதிய பழைய பெயின்ட் இன்னும் போகவில்லை. அந்தக் காலத்து ஜீப்புகள் பலவற்றில் எப்போதோ டீசல் எஞ்சின் ஏற்றிவிட்டார்கள். இதில் ஹரிக்கேன் எஃப்4-134 பெட்ரோல் எஞ்சின்தான் இன்றும் ஓடுகிறது. நான்கு சிலிண்டர், 2.2 லிட்டர். இன்லெட் வால்வு மேலே ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கில் இருக்கும். அந்த ஹெட்டின் உயரத்துக்காகத்தான் இந்த மாடலை வடிவமைத்த அமெரிக்க வில்லிஸ் கம்பெனி 1953-ல் பானட்டையே தூக்கிக் கட்டியது. இந்த எஞ்சினை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. அதனால்தான் இந்த வேலையை அவசரப்படாமல் அடியிலிருந்து செய்தேன்.

பிரச்சினை இதுதான். முதல் கியரில் கிளட்ச்சை மெதுவாக விட்டால் வண்டி முழுக்க உதறும். போடிமெட்டு ஏற்றத்தில் கொண்டை ஊசி வளைவில் நின்று கிளம்பும்போது ஸ்டியரிங்கே கையில் ஆடும். பெடலை முழுக்க மிதித்தாலும் ரிவர்ஸ் கியர் கரகரவென்று கத்திக்கொண்டுதான் விழும். இந்த வண்டியின் டி-90 கியர்பாக்ஸில் முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் சின்க்ரோ (பற்கள் சத்தமில்லாமல் சேர வேகத்தைச் சமன் செய்யும் அமைப்பு) கிடையாது, கொஞ்சம் சத்தம் சகஜம். ஆனால் எஞ்சின் சூடாகி, வண்டி அசையாமல் நின்று, பெடல் தரையைத் தொட்ட பிறகும் கத்துகிறது என்றால் கிளட்ச் முழுசாக விடுபடவில்லை என்றுதான் அர்த்தம்.

பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: “கிளட்ச் பிளேட்டு போயிடுச்சு, எறக்கிரலாம்.” கியர்பாக்ஸை இறக்குவது பெரிய வேலை. அதற்கு முன்னால் வெளியே கண்ணுக்குத் தெரிகிற எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

முதல் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். பானட்டைத் திறந்து வைத்து, கை பிரேக்கை இழுத்து, நான்கு சக்கரத்துக்கும் கல் கொடுத்து, நண்பர் ஒருவரை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன். வண்டிக்கு நேர் முன்னால் நிற்கக் கூடாது, பக்கவாட்டில் நின்றுதான் பார்க்க வேண்டும். அவர் முதல் கியரில் கிளட்ச்சை மெல்ல விட, எஞ்சினின் இடது பக்கம் மேலே எழும்பியது. எஞ்சினைச் சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) தாங்கும் மவுண்டிங் ரப்பருக்கும் அதன் இரும்புத் தகட்டுக்கும் நடுவில் விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்தது. ரிவர்ஸில் விட்டபோது வலது பக்கம் எழும்பியது, ஆனால் அவ்வளவு இல்லை. முன்னோக்கிப் போகும்போது இழுவையின் எதிர்விசை இடது பக்கத்தைத் தூக்கும், பின்னோக்கிப் போகும்போது வலது பக்கத்தை. வண்டி பெரும்பாலும் முன்னால்தானே போகிறது, அதனால் இடது ரப்பர் முதலில் கிழிகிறது. இது ஜீப்புக்கு மட்டுமான கதையும் இல்லை. அமெரிக்காவில் 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் அறுபத்தைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களையும் சிறிய டிரக்குகளையும் திரும்ப அழைத்தது, இந்த மவுண்டிங் பிரியும் பிரச்சினைக்காகத்தான்.

இனி கிளட்ச்சுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பது. சிஜே3பி-யில் கிளட்ச்சுக்கு ஹைட்ராலிக் எதுவும் இல்லை. பெடலிலிருந்து ஒரு ராடு, அது ஒரு குறுக்குக் குழாயைத் திருப்பும். அந்தக் குழாய் ஒரு சின்னக் கேபிள் வழியாக ஃபோர்க்கை இழுக்கும், ஃபோர்க் (கவட்டை போன்ற நெம்புகோல்) கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும். இந்த மொத்த இணைப்புதான் லிங்கேஜ். குறுக்குக் குழாயின் இரண்டு முனையிலும் குண்டுத் தலை. ஒரு குண்டு சேசிஸில் இருக்கிறது, மற்றொன்று எஞ்சின்–கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கிறது. விஷயமே இங்கேதான். சேசிஸ் அசையாது, எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் அமுங்கினால் ஒரு முனை இறங்கிக் குழாய் சாய்ந்துவிடும். ரப்பர் கிழிந்தால், கிளட்ச்சை விடும் அந்த நொடியில் எஞ்சின் அசைந்து லிங்கேஜையும் சேர்த்து இழுக்கும். நாம் பாதி விட்ட கிளட்ச்சை எஞ்சினே கொஞ்சம் மிதிக்கும், கொஞ்சம் விடும், மறுபடி மிதிக்கும். அந்த உதறல் அப்படித்தான் வருகிறது. பிளேட்டை மாற்றியிருந்தாலும் இது நின்றிருக்காது.

கீழே படுத்துப் பார்த்ததில், முன்பு யாரோ இந்தச் சாய்வைச் சரிக்கட்டப் பெடல் ராடை வளைத்துவிட்டிருந்தார்கள். ராடை இணைக்கும் ஆணியான கிளெவிஸ் பின்னின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்து, அதில் இரண்டு வாஷரை வைத்து வெல்டு அடித்திருந்தது. பெடலை ஓர் அங்குலம் நகர்த்தியும் குறுக்குக் குழாய் அசையவே இல்லை. அவ்வளவு ஆட்டம் மூட்டுகளிலேயே போய்விடுகிறது.

மவுண்டிங் வேலையை முதலில் எடுத்தேன். பேட்டரி கனெக்ஷனைக் கழற்றி, ரேடியேட்டர் ஹோஸைத் தளர்த்தி, எக்ஸாஸ்ட் பைப் கிளாம்பையும் தளர்த்திவிட்டேன். இதைச் செய்யாமல் எஞ்சினைத் தூக்கினால் ஹோஸ் கிழியும், இல்லையென்றால் மேனிஃபோல்டுக்கு வலி எடுக்கும். ஆயில் பேன் மெல்லிய தகடு, ஜாக்கியை நேரே அதில் வைக்கக் கூடாது. பேனின் முழு அகலத்துக்கும் தடிமனான பலகை கொடுத்து, அதன் கீழே ஜாக்கி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். ஃபேன் ரேடியேட்டரைத் தொடுகிறதா என்று ஒவ்வொரு தூக்கலுக்கும் பார்த்துக்கொண்டேன்.

முன் மவுண்டிங் இரண்டும் எஞ்சினின் முன்தகட்டிலிருந்து சேசிஸ் பிராக்கெட்டுக்கு வருபவை. இடது பக்கத்தது கையோடு இரண்டாக வந்துவிட்டது. ஆயில் ஊறிய பக்கம் ரப்பர் அல்வா மாதிரி நெகிழ்ந்திருந்தது, மறுபக்கம் கல்லாக இறுகியிருந்தது. வலது பக்கத்தது முழுசாக இருந்தாலும், புதியதின் பக்கத்தில் வைத்தபோது கிட்டத்தட்ட கால் அங்குலம் அமுங்கியிருந்தது தெரிந்தது. ஒன்றை மட்டும் மாற்றினால் எஞ்சின் ஒருச்சாய்ந்து உட்காரும், அதனால் இரண்டையும் மாற்றினேன். கியர்பாக்ஸுக்குக் கீழே கிராஸ் மெம்பரில் (சேசிஸின் குறுக்குச் சட்டத்தில்) உட்காரும் பின்பக்க ரப்பரையும் சேர்த்தே மாற்றினேன்.

ரப்பர் வாங்குவதில் ஒரு விஷயம். புதுப்பேட்டையிலிருந்து வரவழைத்தவற்றில் ஒரு ஜோடி பார்வைக்கு அச்சு அசல். ஆனால் கட்டை விரல் நகத்தால் அழுத்தினால் தடமே பதியவில்லை. அவ்வளவு கெட்டியான ரப்பரைப் போட்டால் எஞ்சின் அதிர்வு மொத்தமும் சேசிஸுக்கு ஏறும். அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, நகம் பதிந்து மீள்கிற ஜோடியைப் போட்டேன். தகட்டோடு ரப்பர் ஒட்டியிருக்கும் ஓரத்தையும் சுற்றிப் பாருங்கள், முடி நுழையும் இடைவெளி இருந்தாலும் வேண்டாம்.

போல்ட்டுகளை எல்லாம் விரலால் மட்டும் ஏற்றி, ஜாக்கியை முழுசாக இறக்கி, எஞ்சினைக் கொஞ்சம் ஆட்டிவிட்டு, அது தானாக உட்கார்ந்த பிறகே முறுக்கினேன். இந்த வண்டியில் பழைய போல்ட்டுகள் அங்குல அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டால் தலை வழுக்கும்.

ஸ்டே கேபிளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வில்லிஸ் ஜீப்பில் எஞ்சினின் பின்பக்கத்திலிருந்து கிராஸ் மெம்பருக்கு ஓர் இரும்புக் கேபிள் கட்டியிருப்பார்கள். கிளட்ச்சை மிதிக்கும்போது எஞ்சின் ரப்பர் மேல் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. என் வண்டியில் கிராஸ் மெம்பர் துளை காலியாக இருந்தது. எனக்குத் தெரிந்த மற்ற ஜீப்புகளிலும் தேடிப் பார்த்தேன், ஒன்றில்கூட இல்லை. எஞ்சினை இறக்கி ஏற்றும்போது கழற்றியதைத் திரும்பப் போடாமல் விட்டிருக்கிறார்கள். லேத் பட்டறையில் கம்பிக் கயிற்றின் முனையில் மரை வெட்டிய தண்டைப் பொருத்தித் தரச் சொல்லி, இரண்டு நட்டு போட்டுக் கட்டினேன். இதை விறைப்பாக இழுத்தால் ரப்பர் போட்டதற்கே பயன் இல்லாமல் அதிர்வு கேபிள் வழியாக ஏறும். தொய்வு போகும் வரை இழுத்து அங்கேயே செக் நட்டைப் பூட்ட வேண்டும்.

எஞ்சின் தன் இடத்துக்கு வந்ததும் லிங்கேஜ் பாதி சரியாகிவிட்டது. குறுக்குக் குழாய் கண்ணுக்கே நேராகத் தெரிந்தது. வளைந்த ராடை நிமிர்த்தினேன். தேய்ந்த துளைகளை வெல்டால் நிரப்பி, பின்னுக்கு ஏற்ற அளவில் மறுபடி துளை போட்டோம். ஒரு பக்கக் குண்டு தட்டையாகியிருந்தது, அதையும் வெல்டு ஏற்றி லேத்தில் உருட்டி எடுத்தார்கள். பட்டறைக்காரர் வேலையைத் தொடங்கும் முன்பே கேட்டார்: “குண்டுக்கு கிரீஸ் எப்பண்ணே வச்சீங்க?” வறண்டு துருப்பிடித்துக் கிடந்த கிண்ணத்தைக் காட்டினேன். முனைகளில் தூசி புகாமல் இருக்க வைக்கும் ஃபெல்ட் வளையம் அதில் இல்லவே இல்லை. பழைய தொப்பி ஒன்றின் கனத்த துணியில் வெட்டி, கிரீஸில் ஊறவைத்துப் போட்டிருக்கிறேன்.

கடைசியாக ஃப்ரீ பிளே. கையால் பெடலை அழுத்தினால் சுமார் ஓர் அங்குலம் லேசாகப் போய், அதன் பிறகே கனம் தெரிய வேண்டும். கேபிள் முனை நட்டைத் திருகி அந்த அளவுக்குக் கொண்டுவந்தேன். குறைவாக வைத்தால் ரிலீஸ் பேரிங் எப்போதும் உரசிக்கொண்டே ஓடிச் சீக்கிரம் போகும். அதிகமாக வைத்தால் கிளட்ச் முழுக்க விடுபடாது. பெடலை மேலே இழுக்கும் ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தது, அதையும் மாற்றினேன்.

இப்போது எஞ்சின் சூடாக இருக்கும்போதும் பெடலை மிதித்து இரண்டு மூச்சு பொறுத்தால் ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது. போடிமெட்டு ஏற்றத்தில் கிளம்பும்போது உதறல் இல்லை. ஐடிலிங்கில் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டி தெளிவாகத் தெரிகிறது, முன்பு அது ஒரு கலங்கல்தான். பாரம் ஏற்றிக்கொண்டு ரிவர்ஸில் மேடு ஏறினால் மட்டும் லேசான நடுக்கம் மிச்சம் இருக்கிறது. பின்பக்க ரப்பர் போல்ட்டைக் கொஞ்ச நாள் ஓட்டியபின் மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். அதற்கும் போகவில்லை என்றால்தான் கியர்பாக்ஸை இறக்கிப் பிளேட்டைப் பார்ப்பேன்.