வைத்திய ஏடு புத்தகமாகும் வழி: தஞ்சைக் குறிப்புகள்

அக்டோபர் 22

மழை பிடித்துக்கொண்டது. ஓலைக்கட்டைப் பிரிக்கத் தோதான நாள் இல்லை. ஆனால் பரணில் ஈரம் குடித்துக் கிடந்த இந்த வைத்திய ஏட்டைத் தை மாதம் வரை விட்டுவைத்தால் பூஞ்சை தின்றுவிடும்.

கயிற்றை அவிழ்க்கும் முன் நாலு பக்கமும் படம் எடுக்க வேண்டும். மரச்சட்டம், கயிற்று நுனியில் கட்டியிருக்கும் கிளிமூக்கு, ஓலைகளின் விளிம்பு எல்லாம் தெரிய வேண்டும். ஓலை எண் இருப்பது இடது ஓரத்தில், பூச்சி முதலில் அரிப்பதும் ஓரத்தைத்தான். எண் போய்விட்டால் பழைய வரிசைக்கு இந்தப் படம்தான் சாட்சி.

ஒட்டிக்கொண்ட ஓலையை நகத்தால் நெம்பக் கூடாது. எழுத்து கீறிய மேல்தோல் அடுத்த ஓலையோடு உரிந்து போய்விடும். வெயிலில் காயவைப்பது அதைவிடக் கேடு. ஓலை முறுக்கிக்கொண்டு நார்வாக்கில் பிளக்கும்.

அக்டோபர் 24

முதலில் உலர்ந்த மென்தூரிகை. நார் ஓடும் திசையிலேயே தள்ள வேண்டும், குறுக்கே தேய்க்கக் கூடாது. எழுத்தாணியால் கீறிய எழுத்தென்றால் எத்தனாலும் நீரும் பாதிக்குப் பாதி கலந்து, பஞ்சில் தொட்டு, ஒரு மூலையில் சோதித்த பிறகு துடைக்கலாம். மையால் மேலே எழுதிய ஓலையென்றால் தொடவே வேண்டாம், எழுத்தே பஞ்சோடு வந்துவிடும்.

பிறகு எலுமிச்சம்புல் எண்ணெய், மெல்லிய பூச்சாக. மிச்சத்தை உடனே ஒற்றி எடுக்காவிட்டால் தூசி அதில் அப்பிக்கொள்ளும். கீறிய எழுத்தில் கரி பூசித் தெரியவைக்கும் மையாடலுக்கு முன்னோர் மஞ்சளும் கோவை, ஊமத்தை இலைச்சாறும் கரியோடு சேர்த்தார்கள். விளக்குக்கரியும் எண்ணெயும் போதும். நொறுங்கும் ஓலைக்கு அதுவும் வேண்டாம். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் மையில்லாத கீறலும் நிழல் விழுந்து தெரியும்.

அக்டோபர் 29

இன்றிலிருந்து படிப்பு. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் கிடையாது. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம். ‘மோர்’ என்பது ‘மெரர’ என்று நிற்கும். பழகினால் கண் தானாகத் திருத்திக்கொள்ளும், ஆபத்தும் அங்கேதான். ‘நெய்சேர்’ என்று வந்தால் நெய்யைச் சேர்க்கச் சொல்கிறதா, நெய் ஒரு சேர் என்கிறதா? ஒரு சேர் என்றால் 8 பலம், 280 கிராம்.

நவம்பர் 2

அளவுக் குறிகள். மற்ற எல்லாப் பிழையையும் பிறகு திருத்திக்கொள்ளலாம், இது மட்டும் ஆளைக் கொல்லும்.

௧ என்பது ககரம் போல, ௨ என்பது உகரம் போல, ௭ எகரம் போல, ௮ அகரம் போல, ௰ யகரம் போல. கால் என்ற பின்னத்தின் குறி வகரம் போல. ௰௨ என்றால் 12, ௨௰ என்றால் 20. படியெடுத்தவர் கண் தடுமாறினால் 12 பலம் 20 பலமாகி, 420 கிராம் 700 கிராமாகிறது.

இதைப் பாருங்கள். ‘நேர்வாளம் பலம் கால், வசம்பு’ என்பது ஏட்டில் இப்படி ஒரே ஓட்டமாக வரக்கூடும்:

நெரவரளமபலமவவசமபு

நடுவில் இரண்டு ‘வ’. முதலாவது கால், அடுத்தது வசம்பின் முதலெழுத்து. இரட்டித்து எழுதிவிட்டார் என்று எண்ணி ஒன்றை விட்டுவிட்டால் நேர்வாளம் முழுப் பலமாகிவிடும். கால் பலம் 8.75 கிராம், ஒரு பலம் 35 கிராம். நேர்வாளம் கடும் பேதி மருந்து. நாலு மடங்கு போனால் நோயாளியின் உடம்பில் நீர் நிற்காது.

பிழையைப் பிடிக்க யாப்பு உதவும். குறி செய்யுளுக்குள் வரும்போது அதைச் சொல்லாக வாய்விட்டுப் படிக்க வேண்டும். ‘கால்’ இல்லாமல் சீர் குறைந்தால் அங்கே ஏதோ விடுபட்டிருக்கிறது. இரண்டாவது சுவடி கிடைத்தால் ஒப்பிடாமல் அச்சுக்குப் போகவே கூடாது.

இன்னொன்று. ஏடு ‘சுத்தி செய்து’ என்று இரண்டே சொல்லில் கடந்துவிடும். நேர்வாளத்தின் மேலோட்டையும் பருப்பின் நடுவிலுள்ள முளையையும் நீக்க வேண்டும் என்பது அன்றைய மாணவனுக்குத் தெரியும். இன்று வாங்கிப் படிப்பவருக்குத் தெரியாது. அடிக்குறிப்பு கட்டாயம்.

நவம்பர் 5

பற்பாடகம். தமிழ்நாட்டுக் கடையில் கேட்டால் ஒரு செடி, கேரளத்தில் வேறு, வடக்கே இன்னொன்று. பெயரை மட்டும் அச்சிட்டால் போதாது. ஏடு எந்த ஊரில் கிடைத்தது, அந்த ஊரில் எதை அப்படி அழைக்கிறார்கள் என்பதும் பக்கத்தில் வர வேண்டும்.

நவம்பர் 9

பதிப்பாளர்கள் இடம் போதாதென்று முதலில் வெட்டுவது குறிகுணப் பகுதியை. மருந்துச் சரக்குதான் வாசகருக்கு வேண்டும் என்று நினைக்கிறார்கள். எங்கே வலிக்கிறது, இரவில் கூடுகிறதா, சோறு இறங்குகிறதா என்று நோயாளி வாயால் சொன்னது செய்யுளாகி நிற்பது அங்கேதான். அதை வெட்டினால் மிஞ்சுவது மளிகைச் சீட்டு.

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்துத் தன்வந்திரி மகால் என்ற வைத்திய நிலையம் இதற்கு நல்ல முன்மாதிரி. அங்கே கையாண்ட முறைகள் தமிழ்ச் செய்யுளாயின. ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ என்று தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் அவற்றை நோய்வாரியாக அச்சிட்டது. அதே நூலகத்தில் கண் நோயாளிகளின் குறிப்புகளும், அவர்கள் கண்களைப் பார்த்து வரைந்த வண்ணப் படங்களும் உள்ளன. மருந்தோடு ஆளையும் பதிந்து வைத்திருக்கிறார்கள்.

நவம்பர் 13

பக்க அமைப்பு முடிவாயிற்று. மேலே ஏட்டில் உள்ளபடியே வரி, அதன் கீழே பிரித்த பாடம், அதற்கும் கீழே இன்றைய அளவு. குன்றி 130 மில்லிகிராம், பணவெடை 488 மில்லிகிராம், வராகனெடை 4.2 கிராம், ஆழாக்கு 168 மில்லி. ஊகித்துப் படித்த எழுத்துக்குச் சதுர அடைப்பு, சிதைந்த எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. அளவு சிதைந்திருந்தால் ஊகமே வேண்டாம், அந்த இடம் வெறுமையாக நிற்கட்டும்.

ஓலைகளைத் திரும்பக் கோத்தாயிற்று. கயிறு ஓலை அசையாத அளவுக்கு இறுகினால் போதும், அதற்கு மேல் இழுத்தால் துளையிலிருந்து விரிசல் ஓடும். பருத்தித் துணியில் சுற்றி, சுவரை ஒட்டாத அலமாரியில், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில்.