ஓரம் காயும் முன்

டிசம்பர் 5

பிள்ளையார் கதை விரதம் தொடங்கிவிட்டது. இனி மார்கழிச் சஷ்டி வரை ஒரு நேரச் சாப்பாடு. நான் பார்த்துக்கொள்கிற இத்தாலியப் பாட்டி, நொன்னா, ஆஸ்பத்திரியில். அங்கே இன்றும் "பார்க்கலாம்" என்றுதான் சொன்னார்கள்.

டிசம்பர் 6

நொன்னாவின் மகன் மிலானோவில் இருந்து போன் எடுத்தார். இந்த நத்தாருக்குத் தொர்தெல்லினியை (இறைச்சி வைத்து மடிக்கிற சின்னப் பாஸ்தா) கடையில் வாங்கிவிடலாம், நீங்கள் கஷ்டப்பட வேண்டாம் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். இல்லை, நானே செய்கிறேன் என்றேன். சொல்லி முடித்த பிறகு நெஞ்சு படபடத்தது.

பின்னேரம் முழுக்க மா. நொன்னாவின் கணக்கு 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை. உப்பு இல்லை, எண்ணெய் இல்லை, தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை. உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் தள்ளித் தள்ளிக் கால் மணி நேரமாவது குழைக்க வேண்டும். அப்புறம் கோப்பையைக் கவிழ்த்து மூடி அரை மணி நேரம் விட வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் உருட்ட உருட்டச் சுருங்கித் திரும்பி வரும். பலகை மரமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் நொன்னா விட்டுக் கொடுக்கவே மாட்டார். மரத்தில் தேய்த்தால்தான் ஸ்ஃபோலியாவில், அதாவது மெல்லிசாக உருட்டின மாவில், சின்னச் சொரசொரப்பு வரும். பளிங்கில் தேய்த்தது வழுவழுவென்று இருக்கும், வாயில் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

உருட்டின ஸ்ஃபோலியாவைத் தூக்கிப் பிடித்தால் அதற்கூடாகச் சான் லூக்கா கோயில் தெரிய வேண்டும் என்பார்கள் இந்தப் பொலோஞ்ஞாவில். குசினி யன்னலில் இருந்து பார்த்தால் மலை மேல் அந்தக் கோயில் தெரியும். 666 வளைவுகள் உள்ள தூண் நடை கீழேயிருந்து அதுவரை ஏறிப் போகிறது. இன்று ஒரே பனிப்புகார், மலையே இல்லை. பின்னால் என் கையை வைத்துப் பார்த்தேன். விரல்கள் தெரிந்தன. மோதிரத்தின் கல்லும் தெரிந்தது.

டிசம்பர் 7

1974 இல் இதே திகதியில்தான் தொர்தெல்லினிக்குள் வைக்கிற உள்ளுடன் (பூரணம்) அளவைப் பொலோஞ்ஞா வர்த்தக சபையில் பதிந்து வைத்தார்கள். நொன்னா அதை எழுதி அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். பன்றியின் முதுகிறைச்சி 300 கிராம், புரோஷூத்தோ (உப்பிட்டு உலர்த்தின பன்றித் தொடை) 300, மொர்த்தாதெல்லா (பன்றிச் சொசேஜ்) 300, பார்மிஜானோ சீஸ் 450, முட்டை மூன்று, சாதிக்காய் ஒன்று. ஆயிரம் தொர்தெல்லினிக்கு இது காணும். தாளில் சாதிக்காய்க்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறார். ஏன் என்று இதுவரை நான் கேட்டதில்லை.

அம்மா வட்ஸ்அப்பில் வந்தார். "விரத காலத்தில பன்றி இறைச்சி தொடலாமோ பிள்ளை?" என்று கேட்டார். எனக்கும் அதே யோசனைதான், அவர் கேட்ட பிறகு இன்னும் கூடிவிட்டது. காலமை குளித்து, விளக்கு வைத்து, கதை படித்துவிட்டு அதே கையால் இறைச்சி வெட்டப் போகிறேன். கை கழுவினால் சரியா? கதையைப் பொழுதுபட மாற்றி வைப்பதா? இருபது வருஷமாக இந்த நாட்டில் எல்லா வேலையும் செய்த கைதான், ஆனாலும் மனம் கேட்கவில்லை. கடைசியில் அம்மாவே சொன்னார்: "படுத்திருக்கிற மனுசிக்குச் சமைக்கிறாய். பிள்ளையார் கோபிக்க மாட்டார். நீ வாயில வைக்காதே, அவ்வளவுதான்."

வாயில் வைக்காமல் உப்பு எப்படிப் பார்ப்பது?

டிசம்பர் 8

விடுமுறை. டொக்டர் இல்லை.

டிசம்பர் 9

ஓரம். இன்று முழுக்க ஓரத்தைப் பற்றித்தான் யோசனை.

குளிருக்கு வீட்டு ஹீட்டரைக் கூட்டி வைத்தால் ஸ்ஃபோலியா நிமிஷத்தில் காய்ந்து விடுகிறது. காய்ந்த ஓரம் ஒட்டாது. ஒட்டாதது ப்ரோதோவில், அதாவது இறைச்சி ரசத்தில், வாய் பிளக்கும், பிளந்தால் உள்ளுடன் கரைந்து ரசம் கலங்கிப் போகும். ஹீட்டரை நிறுத்தினால் நொன்னாவின் அறையும் குளிர்ந்து விடும். நொன்னா அறையில் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் நினைவு வருகிறது.

நான் நினைத்து வைத்திருப்பது இது. பாதியைத் துணியால் மூடி வைப்பது. கை எவ்வளவுக்கு ஓடுமோ அவ்வளவுக்குத்தான் சதுரம் வெட்டுவது. தண்ணீர் தொட்டு ஒட்டக் கூடாது, அது கடைசி வழி.

டிசம்பர் 10

கசாப்புக் கடையில் கோழி இறைச்சியைப் பார்த்தபோது 2019 ஞாபகம் வந்தது. இந்த ஊரின் காவல் புனிதர் சான் பெத்ரோனியோவின் திருநாளுக்குப் பன்றி சேர்க்காமல், கோழி வைத்த தொர்தெல்லினியும் பரிமாறுவோம் என்று அறிவித்தார்கள். பன்றி சாப்பிடாதவர்களும் வந்து உட்காரட்டும் என்றுதான். அரசியல்வாதிகள் டிவியில் கொதித்தார்கள், எங்கள் பண்பாடு போச்சு என்று. நொன்னா டிவியை நிறுத்திவிட்டுச் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது: "பன்றி இல்லாததை நான் தொர்தெல்லினி என்று சொல்ல மாட்டேன். ஆனால் மேசைக்கு வந்தவளைப் பசியோடு எழுப்பவும் மாட்டேன்." அந்த வருஷத்தில் இருந்து நத்தாருக்கு எனக்கென்று சின்னச் சட்டியில் மரக்கறி ரசம் தனியாக வைப்பார்.

டிசம்பர் 12

மகன் அந்த முதியோர் இல்லத்தைப் பற்றி மறுபடி கதைத்தார். நல்ல இடமாம், தோட்டம் இருக்கிறதாம், 24 மணி நேரமும் நேர்ஸ் இருப்பார்களாம். உங்களுக்கு இரண்டு மாதச் சம்பளம் தருவேன் என்றார். நான் சம்பளத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.

இரவு நித்திரை வராததால் தொர்தெல்லோனி செய்தேன். பெரியது, இறைச்சி இல்லாதது. நத்தாருக்கு முந்தின இரவு இவர்களும் இறைச்சி தொட மாட்டார்கள், அன்றைக்கு இதுதான். ரிக்கோத்தாச் சீஸை நேற்றே மெல்லிய துணியில் கட்டி வடிய விட்டிருந்தேன். வடித்தது ஒரு கோப்பை நிறையத் தண்ணீர். அது உள்ளே இருந்திருந்தால் மா ஊறிக் கிழிந்திருக்கும். பார்மிஜானோ, பொடியாக அரிந்த பார்ஸ்லி, சாதிக்காய், ஒரு முட்டை. சதுரத்தின் நடுவில் உருண்டை வைத்து, முக்கோணமாக மடித்து, முதலில் உருண்டையைச் சுற்றி விரலால் நெருக்கிக் காற்றை வெளியே தள்ள வேண்டும், பிறகுதான் ஓரம். காற்று உள்ளே இருந்தால் கொதியில் ஊதி வெடிக்கும். கொழுக்கட்டைக்குப் பல்லுப் பிடிக்கிற மாதிரி ஓரத்தில் கை தானாகப் போகிறது. இதற்குப் பல்லு வேண்டாம் என்று கையைத் தடுக்க வேண்டியிருக்கிறது.

முட்டை இருப்பதால் எனக்கு ஆகாது. மூன்றாம் மாடி உக்ரேன் அக்காவுக்குக் கொடுத்தேன். வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுச் சாப்பிடச் சொன்னேன்.

டிசம்பர் 13

சாந்தா லூச்சியா திருநாள். செர்வி கோயில் தூண் நடையில் சந்தை. நொன்னாவின் நத்தார்க் குடிலுக்கு ஒரு மண் ஆடு வாங்கினேன். பழையதுக்குக் கால் உடைந்து மூன்று வருஷம்.

டிசம்பர் 15

முதுகிறைச்சிக்கு உப்பு, மிளகு, ரோஸ்மேரி, உள்ளி தடவிக் குளிர்ப்பெட்டியில் வைத்தாயிற்று. இரண்டு நாள் ஊற வேண்டும். கதை படித்த பிறகுதான் தொட்டேன். மனம் ஒன்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 16

நொன்னா இன்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. நித்திரைக் குளிசை என்கிறார்கள். குளிசைதான்.

டிசம்பர் 18

நேற்று இறைச்சியை வெண்ணெயில் மெல்லிய நெருப்பில் வேக வைத்து, ரோஸ்மேரியையும் உள்ளியையும் எடுத்துவிட்டு, புரோஷூத்தோவோடும் மொர்த்தாதெல்லாவோடும் சேர்த்து மிகப் பொடியாக அரைத்தேன். பார்மிஜானோவும் சாதிக்காயும் போட்டுக் குழைத்தேன். முட்டை போடுவதற்கு முன் ஒரு பிடியை ஒதுக்கிச் சின்ன டப்பாவில் அடைத்துப் பஸ்ஸில் கொண்டு போனேன்.

நேர்ஸ் டப்பாவைத் திறந்து மணந்து பார்த்தார். உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். பிறகு, "ஒரு தேக்கரண்டி. நான் பார்க்கவில்லை" என்று சொல்லிவிட்டுத் திரைச்சீலையை இழுத்துவிட்டார்.

நொன்னா கண் மூடி, நாக்கால் மேல்வாயில் அழுத்தி, கன நேரம் வைத்திருந்தார். விழுங்கவில்லையோ என்று பயந்துபோனேன். பிறகு சொன்னார்: "உப்பு சரி. சாதிக்காய் காணாது. தாளில் இருப்பது ஒன்று, சின்னக் காயாக இருந்தால் ஒன்றரை." பென்சில் கோடு அதற்குத்தான்! பிறகு என் வலது கையை எடுத்து விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். நகம் வெட்டச் சொன்னார். நீளமான நகம் ஸ்ஃபோலியாவைக் கிழிக்கும். பெயர் சொல்லித்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சாதிக்காய் துருவினேன், முட்டை அடித்து ஊற்றினேன், நகம் வெட்டினேன். உள்ளுடன் ஒரு நாள் முழுக்கக் குளிரில் இருக்க வேண்டும். குசினி முழுக்கச் சாதிக்காய் மணம். தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா கல்லில் உரைத்து நாக்கில் தடவின அதே மணம்.

டிசம்பர் 20

ஹீட்டர் நிறுத்தம். இரண்டு ஸ்வெட்டர்.

உக்ரேன் அக்கா தானாகவே வந்தார். தொர்தெல்லோனிக்குப் பதில் என்று கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். அவர்கள் ஊரில் வரெனிகி என்ற கொழுக்கட்டை மாதிரியானதைச் செய்து பழகின கை, காட்டிக் கொடுக்க வேண்டி வரவில்லை, மடிப்பு மட்டும் வேறு. நான் உருட்டினேன், வெட்டினேன். மூன்றரைச் சென்ரிமீற்றர் சதுரம், நடுவில் கடலை அளவு உள்ளுடன். முக்கோணம், ஓரம் நெருக்கி, சின்ன விரலைச் சுற்றி வளைத்து இரண்டு நுனியையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து அழுத்த வேண்டும். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கருகே பிடித்துச் செய்தார். கொஞ்ச நேரத்தில் இருவரும் கதைப்பதை நிறுத்திவிட்டோம்.

ஒரு தடவை மட்டும் கேட்டார்: "உன் கிழவி திரும்பி வருவாரா?" தெரியாது என்றேன். "என்னுடையவர் வரவில்லை" என்றார். அவர் இப்போது இருப்பது வேறு ஒருவரின் வீட்டில் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

துணி விரித்த தட்டங்களில் ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்கினோம். தட்டம் தட்டமாகக் குளிர்ப்பெட்டியில் உறைய வைத்து, இறுகின பிறகு பையில் போட்டோம். நொன்னாவின் கட்டில் மேலும் இரண்டு தட்டங்கள். வேறு இடம் இல்லை.

டிசம்பர் 21

தோள்பட்டை தூக்க முடியவில்லை.

டிசம்பர் 22

ப்ரோதோவுக்குச் சோதனையாக ஒரு கோழிக் காலும் செலரியும் கரட்டும் வெங்காயமும் போட்டு மெல்லிய நெருப்பில் வைத்தேன். கொதித்துத் தளும்பக் கூடாது, மேலே ஒரு குமிழ், இரண்டு குமிழ், அவ்வளவுதான். நுரையை எடுத்துக்கொண்டே இருந்தேன். ஒரு பிடி தொர்தெல்லினியை உறைந்தபடியே போட்டேன். சட்டியின் பக்கத்திலேயே நின்றேன். மேலே மிதந்து வந்தன. ஒன்றுகூட வாய் பிளக்கவில்லை. ரசம் தெளிவாக, அடி தெரிகிறது. அக்காவுக்கு ஒரு கோப்பை கொண்டு போனேன், அவர் கதவடியில் நின்றே குடித்தார்.

ஆஸ்பத்திரியில் 24 ஆம் திகதி விடுகிறார்கள். எங்கே என்று யாரும் சொல்லவில்லை.

டிசம்பர் 23

மகன் ஒரு மெசேஜ் மட்டும் அனுப்பியிருக்கிறார். லிஃப்ட் கதவின் அகலம் எவ்வளவு, குளியலறைக் கதவின் அகலம் எவ்வளவு. வேறு ஒன்றும் இல்லை.

லிஃப்ட் 75 சென்ரிமீற்றர். குளியலறை 70. இரண்டு தடவை அளந்து அனுப்பிவிட்டேன்.

நத்தார்ச் சேவலுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். காலமை ஏழு மணிக்கே கடைக்குப் போக வேண்டும், பிந்தினால் சின்னதுதான் கிடைக்கும்.