லெட்டர் போட்டாச்சு, போன் போடவில்லை

“இடம் குளத்துப் புறம்போக்கு, அண்ணாச்சி. அங்க களம் போட முடியாது” என்று சொல்லியிருக்கலாம். எம்.எல்.ஏ. சொன்னது வேறு: “தம்பி, கலெக்டருக்கு ஒரு லெட்டர் அடிச்சுக் குடு.”

நெற்களம் கேட்டு வந்த விவசாயிகளில் மூத்தவர் விடவில்லை. “நடக்கும்லா அண்ணாச்சி?”

“எழுதியாச்சுல்லா, பாப்போம்.”

அந்தப் ‘பாப்போம்’தான் உறுத்துகிறது. அதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த லெட்டருக்கு என்ன ஆகும் என்பது எம்.எல்.ஏ.வுக்கும் தெரியும், அடித்துக் கொடுத்த உதவியாளனான எனக்கும் தெரியும்.

கேட்டது ஆடம்பரமில்லை. கார் பருவ நெல் அறுப்பு புரட்டாசி, ஐப்பசியில் மழையோடு மல்லுக்கட்டும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் மூட்டையை இறக்க விடமாட்டார்கள். களம் இல்லாதவர்கள் தார் ரோட்டில் பாதியை மறித்துக் காயப்போடுவார்கள். ராத்திரி தார்ப்பாய் போட்டு மூடினால் உள்ளே புழுங்கி, ரெண்டு நாளில் முளை விட்டுவிடும். அப்புறம் வியாபாரி சொன்னதுதான் விலை.

தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அதை எம்.எல்.ஏ. கையில் யாரும் கொடுப்பதில்லை என்று ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். அதில் ஒரு பகுதிக்கு எந்தெந்த வகை வேலை என்று அரசே வரையறுத்துவிடும். மீதிக்கும் அவர் செய்வது பரிந்துரைதான். கடிதம் திருநெல்வேலி கொக்கிரகுளத்துக் கலெக்டர் ஆபீஸ் போய், ஊரக வளர்ச்சி முகமை வழியாக வட்டார வளர்ச்சி அலுவலரான பி.டி.ஓ.வுக்கு இறங்கும். ஒன்றியப் பொறியாளர் இடம் பார்த்து மதிப்பீடு போட வேண்டும். அதற்கு வி.ஏ.ஓ.விடம் நிலச் சான்று வேண்டும்: புல எண், நிலத்தின் வகையைச் சொல்லும் ‘அ’ பதிவேட்டில் வகைப்பாடு, புல வரைபடம். பிறகு நிர்வாக அனுமதி, டெண்டர், வேலை உத்தரவு. வேலை முடிந்து அளவுப் புத்தகத்தில் ஏறினால்தான் பில்.

‘அ’ பதிவேட்டில் குளம், ஓடை, வாய்க்கால் என்று ஒரு சொல் இருந்தால் காகிதம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். தண்ணீர் தேங்காமல் பல வருஷம் ஆகி, சீமைக்கருவேலங்காடாகவே கிடந்தாலும் பதிவேட்டுக்கு அது குளம்தான். 2007-இல் வந்த ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமும் நீதிமன்ற உத்தரவுகளும் இருக்க, எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்? போடவும் கூடாது. 2023 டிசம்பர் வெள்ளம் பார்த்த ஊர்க்காரர்கள் நாம். குளத்துக்குள்ளே கான்கிரீட் ஊற்றக் கேட்பதே தப்பு. அந்த விவசாயிகளுக்கும் இது தெரியாமலில்லை. கரையை ஒட்டி ஒரு ஓரம்தானே என்பது அவர்கள் கணக்கு.

இதில் வெளியே தெரியாத சங்கதி ஒன்று உண்டு. லெட்டர் மட்டும் போனால் அது மனு கொண்டுவந்தவருக்காக. லெட்டர் போன கையோடு போனும் போனால்தான் அது வேலைக்காக. பி.டி.ஓ. ஆபீஸில் இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, எல்லோருக்கும் தெரியும். அந்த லெட்டருக்குப் போன் போகவில்லை.

எம்.எல்.ஏ. பக்கம் நியாயம் இல்லாமலில்லை. ஒரு நாள் காலையில் வருகிற மனுக்களில் முக்கால்வாசி அவர் அதிகாரத்துக்குள் வராதவை. முதியோர் உதவித்தொகை தனி வட்டாட்சியர் கையில், பட்டா மாறுதல் தாலுகா ஆபீஸில், போலீஸ் கேஸ் எங்கேயோ. ஒவ்வொருவரிடமும் ‘என்னால் ஆகாது’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால், அடுத்த தெருவில் ‘நான் முடிச்சுத் தாரேன்’ என்று சொல்ல ஆள் தயாராக இருக்கிறார். அவரிடம் கொடுத்த பணமும் திரும்பாது. லெட்டரோடு போகிறவர் கைக்காசாவது மிச்சம். இப்படியெல்லாம் யோசித்தால் அந்தப் ‘பாப்போம்’ இரக்கமாகவே படுகிறது.

மறுநாளே வேறு மாதிரி படுகிறது. நிதியாண்டுக்கு வேலைப் பட்டியல் முடிவாகும் நேரத்தில் அவர்கள் லெட்டரை நம்பி உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஒதுக்கீடு பயணியர் நிழற்குடைகளுக்கும் பேவர் பிளாக் தெருக்களுக்கும் போய்விட்டது. நிழற்குடை எளிது: நெடுஞ்சாலைத் துறையின் தடையில்லாச் சான்று கிடைத்தால் சீக்கிரம் எழும்பிவிடும், நெற்றியில் எம்.எல்.ஏ. பெயரும் வரும். களத்துக்கு அப்படியில்லை. தண்ணீர் வடிய வாட்டம் கொடுக்காமல் போட்டால் நடுவில் குட்டை. சிமெண்டில் கை வைத்தால் நெல் லாரி ஏறிய முதல் அறுப்பிலேயே விரிசல். ஆகவே பொறியாளருக்கும் காண்ட்ராக்டருக்கும் அதில் ஆசை குறைவு. முதல் நாளே இடத்தைப் பற்றிச் சொல்லியிருந்தால் வேறு இடம் தேடியிருப்பார்கள், அந்த ஆண்டுப் பட்டியலிலேயே ஏற்றியிருக்கலாம் என்று தோன்றும்.

ஆனால் அப்படி நடந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். ஏனென்றால் ஊரை அசைத்தது கடைசியில் அந்த லெட்டருக்கு வந்த பதில்தான். ‘உத்தேசிக்கப்பட்ட இடம் நீர்நிலை புறம்போக்கு என்பதால் சாத்தியக்கூறு இல்லை’ என்று அலுவலக முத்திரையோடு ஒரு காகிதம். வாயால் சொன்னால் ‘எம்.எல்.ஏ.வுக்கு மனசில்லை’ என்று பேசியிருக்கும் ஊர், எழுத்தைப் பார்த்ததும் அடங்கி உட்கார்ந்தது. ஒருவர் தன் புஞ்சையில் ஒரு துண்டை ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர முன்வந்தார். தனியார் நிலத்தில் அரசுப் பணம் போடக் கூடாது, பத்திரம் பதிவானால் அந்தத் தடை போய்விடும்.

இதை வைத்து எம்.எல்.ஏ. “பாத்தியா தம்பி, லெட்டர் வேலை செஞ்சிருச்சு” என்கிறார். அவர் அதை எதிர்பார்த்துச் செய்தாரா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். தற்செயலாக வந்த நன்மையைத் திட்டம் என்று கணக்கு எழுதுவது அரசியலில் புதிதில்லை.

இப்போது சிக்கல் பாதை. தானமாக வந்த துண்டுக்கு டிராக்டர் போக வேண்டுமென்றால் பக்கத்துப் பட்டாவில் ஒரு கீற்று வேண்டும். பாதை இல்லாத இடத்துக்கு மதிப்பீடு போட மாட்டோம் என்கிறார்கள். அந்தப் பட்டாதாரர் எதிர்க்கட்சியில் ஒன்றியப் பொறுப்பில் இருப்பவர். எம்.எல்.ஏ.வே போய்ப் பேசுவதா, விவசாயிகளையே பேச விடுவதா என்பதில் அலுவலகத்துக்குள்ளேயே ரெண்டு கட்சி. எம்.எல்.ஏ. போனால் முடியாது என்பது என் கட்சி.