அரிஷ்டக் கடைக்காரியின் நாட்குறிப்பு

நவம்பர் 10, 2024, ஞாயிறு

மாமி இன்று பரணையிலிருந்து பரணியை இறக்கச் சொன்னார். பரணையில் இருப்பதால்தான் அது பரணி என்று என் மகன் சின்ன வயதில் நம்பிக்கொண்டிருந்தான். பீங்கான் பரணி, மாமியின் கல்யாணச் சீர். வருடத்துக்கு ஒரு முறை கிறிஸ்துமஸ் வைனுக்காக மட்டும் கீழே வரும்.

வடசேரிச் சந்தையில் கம்பம் பன்னீர் திராட்சை நான்கு கிலோ வாங்கினேன். அதே எடைக்குச் சர்க்கரை, ஒரு கைப்பிடி கோதுமை, பட்டை, கிராம்பு, ஈஸ்ட், ஆறவைத்த வெந்நீர். திராட்சையைக் கையால் மசிப்பது மாமியின் வேலை. எண்பத்தோரு வயதிலும் அதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. இருபத்தோரு நாள் ஊற வேண்டும், வடிகட்டிய பிறகு இன்னும் இருபத்தோரு நாள் தெளிய வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் பச்சை மணம் போகாது என்பார்.

மதுக்கடை இருக்கும் தெரு வழியாக நடக்கக்கூட மாட்டார் மாமி. குடிக்கிறவன் வீட்டில் பெண் எடுக்கக் கூடாது, கொடுக்கவும் கூடாது என்பது அவர் சட்டம். பத்துப் புட்டி வைன் போடுகிறீர்களே என்று கேட்டால், "இது குடியா? இது திராட்சை ரசம்" என்று வேத வசனம் போலச் சொல்வார்.

நவம்பர் 13, புதன்

கடையில் இன்று மூன்றாம் முறையாக அவர் வந்தார். ஓய்வுபெற்ற மனிதர், வெள்ளை வேட்டி, மடித்த குடை. "தசமூலாரிஷ்டம் ஒரு புட்டி. வீட்டுக்காரிக்கு. கால் வலி."

தசமூலாரிஷ்டம் எங்கள் கடையில் அதிகம் விற்கிற மருந்து. வில்வம், குமிழ், பாதிரி, முன்னை, கண்டங்கத்திரி, நெருஞ்சில் என்று பத்து வேர்களைக் கஷாயம் வைத்து, வெல்லம் கலந்து, தாதகிப் பூ போட்டுப் புளிக்க விடுவது. புளிக்கும்போது அதில் தானாகவே ஆல்கஹால் உண்டாகும். எத்தனை சதவீதம் என்று லேபிளிலேயே சின்ன எழுத்தில் இருக்கும். ஏறக்குறைய ஒரு பீர் அளவுக்கு. இந்தப் பக்கத்தில் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு முதலில் வாங்குவது இதைத்தான். வேளைக்கு 30 மில்லி, சாப்பாட்டுக்குப் பின் இரண்டு வேளை. அப்படிக் குடித்தால் 450 மில்லி புட்டி ஏழரை நாளுக்கு வரும். இவருக்கு மூன்று நாளில் தீர்ந்துவிடுகிறது. கடையில் வாங்கும்போது அது பெண்ணின் மருந்து. போய்ச்சேரும் இடம் வேறு.

கேட்கவில்லை. வியாபாரம் நடக்க வேண்டுமே.

என் முதல் பேறுகாலம் நினைவுக்கு வந்தது. அரிஷ்டத்தோடு மாமி எனக்குப் பிராந்தியும் கொடுத்தார், இரண்டு கரண்டி, வெந்நீரில். மதுவைக் கையாலும் தொடாத என் கணவர் போய் வரிசையில் நின்று வாங்கி வந்தார். கடைக்காரன் கேட்காமலேயே "மருந்துக்கு" என்று சொன்னாராம். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்களாம். இன்னும் அதைச் சொல்லி வெட்கப்படுகிறார்.

டிசம்பர் 1, ஞாயிறு

பரணி திறந்தோம். வீடு முழுக்கத் திராட்சை மணம். மல்துணியில் இரண்டு முறை வடிகட்டியும் அடியில் வண்டல் வந்துகொண்டே இருக்கிறது. மாமிக்கு வருடா வருடம் இதே துக்கம்: "கண்ணாடி மாதிரி வர மாட்டேன் என்கிறதே."

டிசம்பர் 3, செவ்வாய்

கோட்டாறு சவேரியார் திருவிழா. மாவட்டத்துக்கு விடுமுறை. கூட்டத்தில் செருப்பைத் தொலைத்தேன்.

டிசம்பர் 14, சனி

மருந்து கொள்முதலுக்காகத் திருவனந்தபுரம். திரும்பும் வழியில், பாறசாலை வருவதற்கு முன்னால், கணவர் திடீரென்று வண்டியை ஒரு கள்ளுக் கடைப் பக்கம் திருப்பினார். குடிக்க அல்ல, மீன்குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் சாப்பிட. கள்ளுக் கடைக் கறிக்கு ஈடு கிடையாது என்று அவருடைய பள்ளிக்கூட நண்பர்கள் சொல்லிச் சொல்லி ஆசை மூட்டியிருக்கிறார்கள்.

என்னைப் பார்த்ததும் பரிமாறுகிறவர் நேராகப் பின்னால் ஓர் அறைக்கு அழைத்துப் போனார். கதவில் 'குடும்பம்' என்று எழுதியிருந்தது. முன்னால் ஆண்கள் உட்கார்ந்திருந்த கூடத்துக்கு எந்தப் பெயரும் இல்லை. பெண் ஒருத்தி வந்தால்தான் அறைக்குப் பெயர்ப்பலகை தேவைப்படுகிறது போலிருக்கிறது.

பக்கத்து மேசையில் ஒரு தாயும் மகளும் மருமகனும். தாய்க்கு என் வயதுதான் இருக்கும். குப்பியிலிருந்து கள்ளை ஊற்றிக் குடித்துக்கொண்டு, மகளிடம் ஏதோ சீட்டுப் பணத் தகராறு பேசிக்கொண்டிருந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. நானும் அரை டம்ளர் குடித்தேன். புளிப்பும் இனிப்புமாக, பழைய சோற்று நீராகாரத்துக்கு உறவு போல இருந்தது.

1956 நவம்பர் 1 வரை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். இப்போது எல்லையிலிருக்கும் களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் கள் குடும்பத்தோடு உட்கார்ந்து குடிக்கும் பானம், இங்கே 1987 ஜனவரி 1 முதல் இறக்கினாலே குற்றம். எங்கள் பக்கத்தில் மிஞ்சியிருப்பது புட்டிக் கடைகள்தான். அங்கே 'குடும்பம்' அறை கிடையாது. வரிசையில் ஒரு பெண்ணை நான் பார்த்ததும் கிடையாது.

கணவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஆயிற்றே, வண்டியில் வரும்போது ஆரம்பித்துவிட்டார். புறநானூறு 235. அதியமான் இறந்தபின் ஔவையார் பாடியது. கள் கொஞ்சம் கிடைத்தால் அதை எமக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான் என்று அழுகிறாள். "நாற்பது வருடம் வகுப்பில் நடத்தினேன்" என்றார். "ஔவை கள் குடித்தாள் என்று ஒரு நாள்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. பிள்ளைகளும் கேட்டதில்லை. நட்புக்கு எடுத்துக்காட்டு என்று சொல்லி அடுத்த பாட்டுக்குப் போய்விடுவேன்."

மாமியிடம் மீன்குழம்பைப் பற்றி மட்டும் சொன்னோம்.

டிசம்பர் 26, வியாழன்

நேற்று எழுத நேரமில்லை. வீட்டில் இருபத்திரண்டு பேர்.

மாமியின் வைன், கீழே பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும், சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களில் கேக்கோடு. மாடியில் ஆண்களுக்குப் பெரிய அத்தான் கொண்டுவந்த இராணுவக் கேன்டீன் ரம். வருடா வருடம் இதுதான் ஏற்பாடு, யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததில்லை.

இந்த வருடம் என் அக்காள் மகன் வந்திருந்தான். பயணிகள் கப்பலில் மது பரிமாறும் வேலை, எட்டு வருடமாக. அவன் பெட்டியிலிருந்து பழச்சுவை சேர்த்த இளஞ்சிவப்புப் புட்டி ஒன்றை எடுத்துத் திறந்திருக்கிறான். நான் வறுத்த மீனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனபோது சிரிப்பு அடங்கவில்லை.

"மக்களே, இது பெண்பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர் அல்லவா? கப்பலில் இதைத்தான் கற்றுக்கொண்டாயா?" என்றார் பெரிய அத்தான்.

சொல்லிக்கொண்டே அவர் செய்ததை நான் நின்று பார்த்தேன். டம்ளரில் இரண்டு விரல் உயரத்துக்கு ரம். மேலே விளிம்பு வரை கோலா. நுரை அடங்குவதற்குள் இன்னும் கொஞ்சம் கோலா. கோலாவில் மட்டும் நான்கைந்து கரண்டிச் சர்க்கரை இருக்கும். அக்காள் மகனின் புட்டியைவிட அது இனிப்புத்தான். ஆனால் நிறம் கறுப்பு, புட்டியில் பட்டாளக் கேன்டீன் முத்திரை. அதனால் அது ஆண் பானம்.

மருந்துக் கடைக்காரி என்பதால் கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. ரம் 42.8 சதவீதம், 60 மில்லியில் சுத்த ஆல்கஹால் ஏறக்குறைய 26 மில்லி. இளஞ்சிவப்புப் புட்டி 4.8 சதவீதம், 275 மில்லி முழுக்கக் குடித்தாலும் 13. பெண்ணுடம்பில் நீர் குறைவு, அதனால் அதே அளவு மது பெண்ணுக்குக் கூடுதலாக ஏறும் என்பது உண்மை. அதைச் சொன்னால் நியாயம். இனிப்பு, நிறம், கண்ணாடிக் குவளையின் கழுத்து இவற்றையெல்லாம் வைத்து யார் ஆண் யார் பெண் என்று பிரிப்பது என்ன கணக்கோ?

அக்காள் மகன் கோபப்படவில்லை. புட்டியை வைத்துவிட்டு ரம்மை வாங்கிக்கொண்டான். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. என் அண்ணனும் இப்படித்தான், கல்யாண வீடுகளில் "நீ என்ன பெண்பிள்ளையா" என்ற ஒரு சொல்லுக்காக முதல் டம்ளரை வாங்கியவன். நாற்பத்தாறு வயதில் கல்லீரல் கெட்டுப் போனான். மீன் தட்டை வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

டிசம்பர் 28, சனி

அக்காள் மகன் கடையில் வந்து உட்கார்ந்தான். கப்பல் கதைகள்.

"சித்தி, ஆண்கள் வந்து மெதுவாகக் கேட்பார்கள்: அந்தக் காக்டெயிலையே கொடு, ஆனால் நீளக் காம்பு வைத்த கண்ணாடியில் வேண்டாம், குட்டைக் குவளையில் ஊற்று, மேலே பூ வைக்காதே. உள்ளே இருப்பது அதேதான். குவளையை மாற்றினால் மானம் மிஞ்சிவிடும்."

ஜின்னைப் பற்றியும் சொன்னான். நம் ஊரில் ஜின்னும் வோட்காவும் பெண்கள் பானம் என்று பேச்சு. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் ஜின்னுக்கு 'மேடம் ஜெனீவா' என்று பெண் பெயரே வைத்திருந்தார்கள். ஏழைப் பெண்கள் அதைக் குடித்துப் பிள்ளைகளைப் பாழாக்குகிறார்கள் என்று ஒரே கூச்சல். 1751இல் சட்டமே போட்டார்கள். பிறகு அதே ஜின்னைக் கொயினா கலந்த டானிக் தண்ணீரோடு குடித்தவர்கள் இந்தியாவிலிருந்த வெள்ளைப் பட்டாள அதிகாரிகள். இதைப் பெரிய அத்தானிடம் சொல்ல வேண்டும் என்றேன். "சொன்னேன். அவர்கள் வேறு பட்டாளம் என்றார்" என்றான். ருஷ்யாவிலோ வோட்கா முழுக்க முழுக்க ஆண்களுடையதாம்.

மாலையில் வீட்டில் மாமிக்கு அவன் சொன்ன கதைதான் எனக்குப் பிடித்தது. பிரான்சில் கிளிக்கோ என்று ஒரு வீடு, ஷாம்பெயின் செய்பவர்கள். 1805இல் வீட்டுக்காரர் இறந்துபோக, இருபத்தேழு வயது விதவை தொழிலைக் கையில் எடுத்தாள். அவளுக்கும் வண்டல்தான் தலைவலி. துளையிட்ட பலகையில் புட்டிகளைத் தலைகீழாகச் செருகி, நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, வண்டலைக் கழுத்துக்கு இறக்கி வெளியே எடுக்கும் வழியை அவள் பட்டறையில்தான் கண்டுபிடித்தார்கள். இன்றும் அந்தப் புட்டியில் 'விதவை' என்ற சொல் இருக்கிறது.

மாமி காது கொடுத்துக் கேட்டார். மாமா போனபோது மாமிக்கு முப்பத்துநான்கு வயது.

"எத்தனை பிள்ளைகள் அவளுக்கு?"

"ஒரு மகள், பாட்டி."

"அப்படியானால் நேரம் இருந்திருக்கும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பலகை எப்படி இருக்கும் என்று வரைந்து காட்டு மக்களே."

ஜனவரி 5, 2025, ஞாயிறு

அக்காள் மகன் ஊருக்குப் போகும் முன் ஸ்காட்லாந்துக் கதை ஒன்றையும் விட்டுப்போனான். ஸ்பேசைடில் கார்டு வடிசாலை இன்று விஸ்கிக்குப் பெயர்போனது. 1824இல் உரிமம் வாங்கும்வரை அங்கே திருட்டுத்தனமாகக் காய்ச்சியவள் ஹெலன் கம்மிங் என்ற பண்ணை வீட்டுக்காரி. சுங்க அதிகாரிகள் வந்தால் அவர்களுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, கொட்டகை மேல் சிவப்புக் கொடி ஏற்றுவாளாம், சுற்றியுள்ளவர்கள் எச்சரிக்கையாக இருக்க.

எங்கள் தெருக் கடைசியில் ஒரு பாட்டி இருந்தார். நான் ஏழாவது படிக்கும் காலம். வாற்றுச் சாராயம். போலீஸ் வருகிறதென்று தெரிந்தால் முற்றத்தில் நெல் அவிக்கும் அடுப்பைப் பற்றவைத்துவிடுவார். புகைக்கும் மணத்துக்கும் காரணம் கிடைத்துவிடும். தயாரித்தது அவர், விற்றது அவர், கடன் கணக்கைச் சுவரில் கரியால் எழுதியது அவர். ஒரு சொட்டுக் குடித்ததை யாரும் பார்த்ததில்லை. மாமியைப் போலவே அவரும் குடிகாரர்களைத் திட்டுவார், காசு வாங்கியபிறகு.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நூற்றுக்கு 19 பேரும் பெண்களில் ஒருவரும் குடிப்பதாகச் சொல்கிறார்கள், இந்தியா முழுக்க. எங்கள் வீட்டுக்கு வந்து கேட்டிருந்தால் மாமி கதவைச் சாத்தியிருப்பார். நானும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

பிப்ரவரி 8, சனி

குளச்சல் போகும் வழியில் அக்கானி, அதாவது பதநீர், இறக்குகிற அண்ணன் ஒருவரிடம் கருப்பட்டி சொல்லிவைக்கப் போனேன். அரிஷ்டத்துக்கு அல்ல, வீட்டுக்கு. பனை ஏறுவது அவர், அக்கானியைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவது அவர் மனைவி. மதினிக்குக் கண்ணெல்லாம் புகை. கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் அக்கானி. தடவாமல் விட்டால் கள். அந்த ஒரு விரல் சுண்ணாம்பு இல்லையென்றால் போலீஸ்.

பனையில் ஆண் உண்டு, பெண் உண்டு. அலகுப்பனை ஆண், பருவப்பனை பெண். எது ருசி என்று கேட்டேன்.

"பருவப்பனை கூடுதல் ஊறும். ருசி மண்ணைப் பொறுத்தது" என்றார். "இரண்டையும் ஒரே குடுவையில்தான் ஊற்றுகிறேன். குடித்துப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்கிறவனை நான் இன்னும் பார்க்கவில்லை."

மதினி அடுப்படியிலிருந்து, "விறகு விலையைக் கேளுங்கள்" என்றார்.

பிப்ரவரி 12, புதன்

பதினோரு மணிக்கு ஒரு அம்மாள் கடைக்கு வந்தார். கையில் எனக்குத் தெரிந்த அந்த மடித்த குடை.

"என் வீட்டுக்காரர் இங்கேதானே எனக்கு அரிஷ்டம் வாங்குகிறார்?"

வாய் உலர்ந்துவிட்டது. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "ஆமாம் அம்மா, கால் வலிக்கு என்று..."

"கால் வலி உண்மைதான். இரவில் இரண்டு மூடி குடித்தால் தூக்கம் வருகிறது. ஆனால் மூன்றாம் நாள் பார்த்தால் புட்டியில் ஒன்றும் இருப்பதில்லை." முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை எண்ணி வைத்தார். "இரண்டு புட்டி கொடு மக்களே. ஒன்றை அவர் பார்க்கிற இடத்தில் வைக்கிறேன்."