டர்பனில் தாய்-சேய் ஆய்வுக்கு அனுமதி வாங்கிய அனுபவம்

தென்னாப்பிரிக்காவில் ஆய்வுப் படிப்புக்கு வர விரும்பும் இளம் மருத்துவர்கள் சிலர், மனிதர்களிடம் செய்யும் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்குவது எப்படி என்று கேட்டிருந்தார்கள். விண்ணப்பப் படிவங்கள் இணையத்திலேயே கிடைக்கும். அவற்றை நிரப்பும்போது என் ஆய்வே எப்படி மாறியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பொருள் ப்ரீ-எக்லாம்ப்சியா. கர்ப்பத்தின் 20 வாரங்களுக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90-க்கு ஏறி, சிறுநீரில் புரதமும் போகும் நிலை. முற்றினால் வலிப்பு வரலாம்; அதைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் உண்டு. 33 நாடுகளில் 10,000-க்கும் அதிகமான பெண்களிடம் நடந்த மேக்பை ஆய்வு, அந்த மருந்து வலிப்பு அபாயத்தைப் பாதிக்கும் கீழாகக் குறைப்பதை 2002-ல் காட்டியது. ஆனாலும் நோய் தணிய வேண்டுமென்றால் பிரசவம் நடந்தாக வேண்டும். அதனால் நிறையக் குழந்தைகள் மாதம் நிரம்பாமல் பிறக்கின்றன. வீட்டுக்குப் போன பிறகு அந்தத் தாயும் பிள்ளையும் எப்படி இருக்கிறார்கள் என்று தொடர்ந்து பார்ப்பதே என் திட்டம். மருந்துப் பரிசோதனை எதுவும் கிடையாது.

மதுரையில் படித்த நான் டர்பனைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருந்தது. கர்ப்பகால, பிரசவகால மரணம் ஒவ்வொன்றையும் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்ற விதி இங்கே 1997-ல் வந்தது. அந்த மரணங்களை ஆராயும் தேசியக் குழுவுக்கு டர்பன் பேராசிரியர் ஜாக் மூட்லி நீண்ட காலம் தலைமை வகித்தார். எச்.ஐ.வி. உள்ள தாய்மார்களில், தாய்ப்பால் மட்டுமே கொடுத்தவர்களைவிடப் பிற உணவும் கலந்து கொடுத்தவர்களின் குழந்தைகளுக்கே தொற்று அதிகம் என்று அன்னா கூட்சூடிஸ், ஹூசன் கூவாடியா குழுவினர் 1999-ல் கண்டதும் இதே ஊரில்தான். தாய்மார்களைப் பொறுமையாகப் பின்தொடர்ந்து கவனித்தே கண்டறிந்தது அது. அப்படிப்பட்ட வேலையைத்தான் நானும் செய்ய ஆசைப்பட்டேன்.

மருத்துவமனையின் கேட்கீப்பர் கடிதம் (அங்கே ஆய்வு நடத்தச் சம்மதிக்கும் கடிதம்), மாகாண சுகாதாரத் துறையின் ஒப்புதல், ஜி.சி.பி. எனப்படும் நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறைக்கான பயிற்சிச் சான்றிதழ், பங்கேற்பவர்களுக்கு ஆய்வை விளக்கும் தகவல் தாளின் ஜூலு மொழிபெயர்ப்பு எல்லாம் அலைச்சல்தான். பொறுமை இருந்தால் முடிந்துவிடும். தாய்க்கு 18 வயது நிரம்பவில்லையென்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதமும் வேண்டும் என்பதை முன்கூட்டியே திட்டத்தில் எழுதிவிடுங்கள்.

குழு எழுப்பிய கேள்விகளில் ஒன்றுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. தலைவலியும் பார்வை மங்கலுமாக வந்து படுத்திருக்கும் பெண்ணிடம் எந்த நேரத்தில் சம்மதம் கேட்பீர்கள்? நியாயமான கேள்வி. வலியில் இருப்பவர் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஆகவே கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும்போதே ஆய்வைப் பற்றிச் சொல்லிவைப்பது, பிரசவ அறையில் பேச்சே எடுக்காமல் இருப்பது, பிள்ளை பிறந்து தாய் தேறிய பிறகு கையெழுத்து வாங்குவது என்று மாற்றி எழுதினேன்.

இன்னொரு கேள்வி, டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் நான் குடியிருந்த வீட்டு ஆயாவிடமிருந்து வந்தது. தமிழில் பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார். தகவல் தாளைத் தமிழில் சொல்லிக் காட்டியபோது முழுதும் கேட்டுவிட்டு, "ஏன் கண்ணு, புள்ள தவறிப்போச்சுன்னா? அப்பவும் போன் பண்ணி எடை என்னான்னு கேப்பாங்களா?" என்றார். அவருக்கும் குறைமாதத்தில் பிறந்து நிலைக்காமல் போன பிள்ளை ஒன்று உண்டு.

நான் பார்த்த மாதிரிப் படிவம் எதிலும் அப்படி ஒரு கட்டம் இல்லை. மாதம் நிரம்பாத குழந்தைகளைப் பின்தொடரும் எந்த ஆய்விலும் அது இருந்தே ஆக வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். குழந்தை தவறினால் ஆய்விலிருந்து யாராவது பேசலாமா, வேண்டாமா, பேசினால் யாரிடம் என்று தாயிடம் சம்மதத்தின்போதே மெதுவாகக் கேட்டு எழுதிக்கொள்ளும் பகுதியைச் சேர்த்தேன். எந்த அழைப்புக்கும் முன்னால் வார்டு பதிவேட்டைச் சரிபார்க்க வேண்டும் என்றும் எழுதினேன். திருத்திய திட்டத்தைக் குழு ஏற்றுக்கொண்டது.

அனுமதி ஓராண்டுக்குத்தான், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். எங்கள் சிஸ்டர் ஒவ்வொரு முறையும் பதிவேட்டைப் பார்த்த பிறகே போனை எடுக்கிறார். புதுப்பிக்கும்போது அந்தச் சரிபார்ப்புக் குறிப்புகளையும் சேர்த்தே அனுப்புகிறோம்.